இரண்டாவது பூச்சு

மைசூர்
8 பிப்ரவரி 1998

அன்புள்ள அபூர்வா அக்காவுக்கு,

நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று ஆட்டோவில் ஏறும்போது "எழுது" என்று சொன்னீர்கள். அது எல்லோரிடமும் சொன்னதா, என்னிடம் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரிடமும் சொன்னதென்றால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். லேபில் மேசைமேல் விட்டுப் போனாலும் யாராலும் படிக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் சொல்லிக்கொடுத்த எழுத்து உங்களுக்கு நினைவிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

செல்கள் நன்றாக இருக்கின்றன. காலையில் லேபைத் திறந்ததும் முதலில் அவற்றைத்தான் பார்க்கிறேன். நீங்கள் எனக்கு முதன்முதலாகக் காட்டிய நாளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எலியின் தொடை எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்கள். கண்ணாடித் தட்டின் அடியில் மீன்குஞ்சுகள் போல ஒரே திசையில் படுத்திருந்தன. "இதுகளுக்கு என்ன ஆகணும்னு இன்னும் தெரியலை தாரணி. எலும்பாகலாம், கொழுப்பாகலாம், ஒண்ணும் ஆகாம இப்படியே இருக்கலாம். நம்மளை மாதிரி" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். உண்மையில் அன்று இரவு ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம் அந்தக் காந்தம். சர்க்கரை போன்ற டெக்ஸ்ட்ரானைப் பூசிய இரும்புத் துகள்கள், கண்ணுக்கே தெரியாத நானோ அளவு. அவற்றை விழுங்கிய செல்கள் மிதந்த நீருக்கு அடியில் நீங்கள் காந்தத்தை நகர்த்தினீர்கள். இளம்பழுப்பாக ஒரு மேகம் அதன் பின்னால் போயிற்று. உடைந்த எலும்பு இருக்கும் இடத்துக்குச் செல்களை இப்படியே கூட்டிக்கொண்டு போகலாம் என்றீர்கள். அந்த மேகம் இன்னும் என் கனவில் வருகிறது. கனவில் காந்தம் இருப்பதில்லை. அதுவாகவே எங்கோ போகிறது.

கேசவமூர்த்தி சார் போன வாரம் கூப்பிட்டுப் பேசினார். திட்டத்துக்கான பணம் டிசம்பரோடு முடிகிறதாம். நம் அக்டோபர் தட்டுகளின் முடிவு கட்டுரையாக வந்தால் என்னை பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொள்வாராம். வராவிட்டால் ஆளைக் குறைக்க வேண்டியிருக்குமாம். குறைக்க வேண்டிய ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. லேபில் சம்பளத்துக்கு இருக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

அங்கே குளிருமே. பத்திரமாக இருங்கள்.

உங்கள்
தாரணி


ஆகன், ஜெர்மனி
1 மார்ச் 1998

தாரணி,

உன்னிடம்தான் சொன்னேன். மற்றவர்களிடம் "பார்ப்போம்" என்றேன். எதையும் விடாமல் கவனிக்கிறவள் இதை எப்படி விட்டாய்?

எழுத்து மறக்கவில்லை, கைதான் கோணுகிறது. எங்காத்துல எல்லோரும் தமிழ் பேசுவோம், கன்னடத்தில் எழுதுவோம், இங்கிலீஷில் சண்டை போடுவோம். அம்மா இந்தக் கடிதத்தைப் பார்த்தால் மயங்கி விழுவாள்.

இங்கே கதவுகள் தாமாகவே சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன. மூன்று மாதத்தில் என் குரலை நானே அதிகம் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. மைக்ரோஸ்கோப்பில் தட்டே வைக்காமல் பார்த்த மாதிரி இருக்கிறது ஊர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாரணி, ஒன்றும் வரவில்லை. நாம் சேர்ந்து பூசிய அதே துகள்கள், அதே குப்பியிலிருந்து பிரித்து எடுத்துவந்தது. செல்கள்மேல் விட்ட மறுநாளே கறுப்புக் கட்டிகளாகத் திரண்டு உட்கார்ந்துகொள்கின்றன. பாதிச் செல்கள் சாகின்றன. மீதி சுருங்கிப் போய் எதுவாகவும் ஆவதில்லை. எலும்பாகத் தூண்டும் மருந்துகளைக் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்து சாயம் ஏற்றினால், சுண்ணாம்பு பிடித்த இடம் சிவக்க வேண்டும் அல்லவா? ஒரு புள்ளி இல்லை. அங்கே அக்டோபரில் போட்ட தட்டு முழுக்கச் சிவந்ததே! துகள் போடாத தட்டைவிட அதிகமாக. அதை வைத்துத்தானே என்னை இங்கே எடுத்தார்கள்.

கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நான் அப்போது கொலு, மேல்கோட்டைக் கோயில் என்று வீட்டோடு இருந்தேன். தட்டுகளை நீதான் பார்த்துக்கொண்டாய். மூடி ஏதாவது மாறிப்போனதா? துகள் போட்டது போடாததாகவும், போடாதது போட்டதாகவும் ஆகியிருக்குமா? நான் எழுதிக்கொடுத்த முறைப்படிதானே செய்தாய்? துகள்களை ரத்தச் சீரம் கலக்காத திரவத்தில் விட்டு, சோனிகேட்டரில் அதிரவைத்துப் பிரித்து, சூட்டோடு சூடாகச் செல்கள்மேல் விடுவது?

சீக்கிரம் எழுது.

அபூர்வா


மைசூர்
5 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

தட்டு மாறவில்லை. துகள் விழுங்கிய தட்டை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்தால் லேசான டீ நிறம் தெரியும். அந்த நிறம் இருந்த தட்டில்தான் சிவப்பு வந்தது. உங்கள் முறைப்படிதான் செய்தேன்.

யுகாதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதனால்தான் பதில் தாமதம் என்று எழுத நினைத்தேன். ஆனால் அதனால் மட்டும் தாமதம் ஆகவில்லை.

கௌதள்ளியில் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில்தான் அப்பாவின் பங்க்சர் கடை. யுகாதிக்கு மலைக்கு ஏகப்பட்ட கூட்டம், கடை முன்னால் நாலு வண்டிகள் நின்றிருந்தன. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே அப்பா கேட்டார்:

"ஏம்மிணி, மூணு வருசமா மைசூருல இருக்கற. அங்க என்னதான் பண்ணற நீயி?"

"எலி எலும்புக்குள்ள இருந்து செல்லு எடுத்து வளத்தறமுங்கப்பா. ஒடஞ்ச எடத்துல அதைய உட்டா எலும்பு கூடுமான்னு பாக்கறம்."

"அப்ப எலிக்குப் பங்க்சர் போடற."

வண்டிக்காகக் காத்திருந்த ஈரோட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்க, எம் பொண்ணு பரம்பரைத் தொழிலு பாக்குது" என்று அப்பா அவர்களிடம் சொன்னார்.

சாயங்காலம் வேறு பேச்சு. பவானிப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை, பெயர் ரவிக்குமார், சொந்தமாகத் தறி வைத்திருக்கிறார். போட்டோவைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன். நல்ல முகம்தான். அப்பா கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "திசம்பருக்கப்புறம் உங்க சாரு உன்னைய வெச்சுக்கிட்டாரு, நீ படி. நானொண்ணும் கேக்க மாட்டன். இல்லீன்னா வூட்டுக்கு வந்துரோணும். அவிகளும் திசம்பரு வரைக்கும் பாக்கறம்னு சொல்லிப்போட்டாங்க" என்றார்.  நியாயமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது கொள்ளேகால் தாண்டியதும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கண்ணாடித் தட்டுக்குள் நான் படுத்திருப்பது போலவும், மேலே யாரோ குனிந்து பார்ப்பது போலவும் கனவு. பார்த்தவர் மூடியை மூடிவிட்டு "இது மாறிப்போனது" என்றார். குரல் உங்களுடையது.

தாரணி


ஆகன்
10 மே 1998

தாரணி,

என் கேள்விக்கு மூன்று வரி, மீதியெல்லாம் பங்க்சர் கடை. அந்த மூன்று வரியும் கனவும்தான் சுட்டன. உன் அப்பா சொன்னதைப் படித்து லேபில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேசைக்காரன் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தான். அவனுக்கு எப்படி விளக்குவது? எலிக்குப் பங்க்சர். அதற்குமேல் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

தட்டு மாறவில்லை என்று நீ சொன்னால் மாறவில்லை. இனிமேல் கேட்க மாட்டேன். ஆனால் அப்படியானால் என்ன நடந்தது? அது இன்னும் பயமாக இருக்கிறது. தப்பு என்றால் திருத்தலாம். அதிசயத்தை என்ன செய்வது?

உனக்குத் தெரியவேண்டியது ஒன்று. கட்டுரையைச் சார் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் வேறு இடத்தில் திரும்பச் செய்து காட்டு என்கிறார்கள். வேறு இடம் என்றால் நான். அக்டோபர் முடிவதற்குள் காட்டாவிட்டால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்ப வாங்கினால் இங்கே எனக்கு என்ன மரியாதை இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். அங்கே உனக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் பெயர்கள் சாரும் நானும்தான். நீ கடைசிப் பத்தியில், நன்றி சொல்லும் இடத்தில் இருக்கிறாய். சார்தான் அப்படி வைத்தார். நான் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு எழுதமாட்டாயோ என்னவோ. எழுது.

அபூர்வா


மைசூர்
19 ஜூலை 1998

அன்புள்ள அக்காவுக்கு,

பெயரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. அதனால்தான் இத்தனை நாள். இப்போதும் தெரியவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் முறையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரி தப்பாமல் நானும் செய்து பார்த்தேன். சீரம் இல்லாத திரவம், சோனிகேட்டர், சூட்டோடு சூடாக. நீங்கள் சொன்ன அதே கறுப்புக் கட்டிகள்தான் வந்தன. இரண்டு தடவை. சாரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. லேபில் மல்லம்மா மட்டும் கண்டுபிடித்துவிட்டார். தட்டுகளைக் கழுவ எடுத்துப் போகும்போது, "ஏனம்மா, நின் செல் எல்லா சத்தோய்தா?" என்று இழவு வீட்டில் விசாரிக்கிற மாதிரி கேட்டார். ஆமாம், செத்துப்போய்விட்டன என்றேன். போகட்டும் விடு என்று முதுகில் தட்டினார். ஈரக்கை.

இங்கே மழை. ஜன்னலில் தண்ணீர் வழியும்போது வெளியே இருக்கும் மரங்கள் எல்லாம் தட்டுக்குள் இருக்கிற மாதிரி நீண்டு அசைகின்றன. ஒன்றும் போடாத தட்டுகளைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன். அவற்றைக் கெடுக்க மனம் வரவில்லை. எதுவாகவும் ஆகாமல் படுத்திருக்கும்போதுதான் எவ்வளவு அழகாக இருக்கின்றன! ஆனால் அப்படியே எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும்? இடம் நெருக்கினால் தாமாகவே மாறத் தொடங்கிவிடுகின்றன.

அக்டோபர் தட்டு பொய் இல்லை, அக்கா. நான் அதைக் கையில் வைத்திருந்தேன்.

தாரணி


மைசூர்
4 அக்டோபர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். 

புதன்கிழமை ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, தசரா ஊர்வலம். ஊரே தேவராஜா மார்க்கெட்டில்தான் இருந்தது. சேவந்திப்பூவும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் தாண்டி நடக்கவே முடியவில்லை. லேபில் யாரும் இல்லாத நேரத்தில் கடைசியாக ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று பூஜை அன்று சாயங்காலம் போனேன். துகள் குப்பியைத் திறந்து எடுத்துக்கொண்டு சோனிகேட்டரிடம் போனால், மல்லம்மா அதைத் துடைத்து முடித்து மூடிமேல் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தராசு, அடுப்பு, மைக்ரோஸ்கோப் எல்லாம் குங்குமத்தோடு வரிசையாக நின்றன.

"முட்டபேடம்மா! இவத்து இதக்கே ரஜா!" என்றார். தொடாதே, இன்றைக்கு இதற்கு லீவு.

"ஐந்து நிமிஷம்தான் மல்லம்மா. குப்பியைத் திறந்துவிட்டேன்."

"போன வருஷமும் இதேதான் சொன்னே. அதே முகம், அதே குப்பி! உனக்கு வருஷா வருஷம் பூஜை அன்னைக்குத்தான் வேலை ஞாபகம் வருமா?"

அவர் கன்னடத்தில் திட்டிக்கொண்டே போனார். நான் குப்பியோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

அக்கா, போன வருஷமும் அதேதான். இதே மாதிரி திறந்த குப்பியோடு நின்றேன். கருவிகள் இரண்டு நாள் தொடக்கூடாது. திறந்த துகள் காய்ந்துவிடுமே என்று மேசைமேல் கைக்கு எட்டிய திரவத்தில் கொட்டிக் கலக்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன். அந்தத் திரவம் செல்களுக்கு அன்றாடம் தீனியாகக் கொடுக்கிறது. கன்றுக்குட்டி ரத்தத்துச் சீரம் கலந்தது. விஜயதசமி முடிந்து வந்து, பூவை ஒதுக்கிவிட்டு சோனிகேட்டரைப் போட்டு, துகள்களை அதிரவைத்துச் செல்கள்மேல் விட்டேன். உங்கள் முறைப்படிதான் செய்தேன் என்று எழுதினேனே, நான் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளை நான் வேலை என்றே நினைக்கவில்லை. லீவு என்று நினைத்தேன். செய்முறையில் யாராவது லீவை எழுதுவார்களா?

நாம் துகளுக்குப் பூசியது டெக்ஸ்ட்ரான். அதன்மேல் சீரத்தில் இருக்கும் புரதங்கள் தாமாகவே இன்னொரு பூச்சாகப் படிந்திருக்க வேண்டும், நான் கூட்டத்தில் நின்று யானை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். அதனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. செல்கள் அவற்றை அந்நியமாக நினைக்கவில்லை. செல்லுக்குத் துகளைத் தெரியாதே அக்கா, துகள் உடுத்தியிருப்பதைத்தானே தெரியும்? நம் முறையில் நாம் துகளைக் குளிப்பாட்டி வெறும் உடம்போடு ஓடவிட்டிருக்கிறோம்.

இதெல்லாம் என் நினைப்பு. உண்மையா என்று தெரியாது. இந்த வருஷமும் மல்லம்மா விடவில்லை, அதனால் அதே மாதிரி சீரத்தில் ஊறவைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை வந்து நாலு விதமாகப் போட்டிருக்கிறேன்: ஊறிய துகள், ஊறாத துகள், துகள் இல்லாமல் ஊறிய சீரம் மட்டும், ஒன்றுமே போடாதது. நேற்றுக் காலையில் பார்த்தேன். ஊறிய துகள் போட்ட தட்டில் கறுப்புக் கட்டி இல்லை. செல்களுக்குள் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டுகள், தூங்குகிற மாதிரி. சிவக்குமா என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும்.

முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்களுக்கு அக்டோபர் வந்துவிட்டது. அதனால் இப்போதே எழுதி, இன்றைக்கே தபாலில் போடுகிறேன். உங்களிடம் துகள் இருக்கிறது, சீரமும் இருக்கும். இரண்டு நாள் ஊறவையுங்கள்.

இன்னொன்று எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம்.

தாரணி


ஆகன்
21 அக்டோபர் 1998

என் தாரணி,

நீ ஒரு பைத்தியம், மல்லம்மா ஒரு பைத்தியம், நான் எல்லோரையும்விடப் பெரிய பைத்தியம். பத்து மாதமாக இங்கே ஒவ்வொரு மருந்தையும் மாற்றிப் பார்த்தேன், தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், எலியைக்கூட மாற்றினேன். ஆயுத பூஜை இல்லாத ஊரில் எப்படி வரும்?

உன் கடிதம் வந்த அன்றே ஊறவைத்தேன். செல்கள் சாகவில்லை! கறுப்புக் கட்டி ஒன்றுகூட இல்லை. பத்திரிகைக்காரர்களுக்குத் தந்தி அடிக்கிற மாதிரி எழுதினேன், வருஷக் கடைசி வரை பொறுக்கிறோம் என்று பதில் வந்துவிட்டது. பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்தே நான் பார்த்ததில்லை. யானை, சந்தனம், சோனிகேட்டருக்கு லீவு எல்லாம் விளக்கினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முதல் காரியமாகச் சாருக்கு ஃபோன் போட்டேன். கட்டுரையில் உன் பெயரும் வர வேண்டும், இல்லையென்றால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.  "சரிம்மா, ரெண்டாவதா போடு" என்றார். இதை மே மாதமே செய்திருக்க வேண்டும். பெயரை எப்படி எழுதட்டும்? மு. தாரணி என்றா?

இனிமேல்தான் நிஜமான வேடிக்கை. இங்கே ஒரு கருவி இருக்கிறது, துகள்மேல் எந்தெந்தப் புரதம் ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லிவிடும். ஒரு மணி நேரம் ஊறினால் என்ன ஒட்டுகிறது, ஒரு வாரம் ஊறினால் என்ன ஒட்டுகிறது, எது செல்லை எலும்பாகு என்கிறது, எது சும்மா இரு என்கிறது எல்லாம் கண்டுபிடித்துவிடலாம். கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடு என்கிறார் பேராசிரியர். விதவிதமாகப் பூசின துகள்களை இப்போதே ஊறப்போட்டுக் குளிர்பெட்டியில் வரிசையாக வைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கடைசியில் கருவி எனக்குக் கிடைக்கும். நீ அங்கே அந்தப் பழைய சாமான்களோடு கஷ்டப்பட வேண்டாம்.

உன் பிஎச்.டி.க்கு என்ன தலைப்பு கொடுக்கலாம் என்று சார் என்னிடம் கேட்டார். சின்னதாக ஏதாவது கொடுங்கள், பாவம், சீக்கிரம் முடிக்கட்டும் என்றேன். சந்தோஷம்தானே?

ஏதோ எழுத நினைத்து வேண்டாம் என்றாயே, என்ன அது? பெயர்தானே? அதுதான் முடிந்துவிட்டதே.

அபூர்வா


மைசூர்
12 நவம்பர் 1998

அன்புள்ள அபூர்வா அக்காவுக்கு,

சிவந்துவிட்டது.

சாயத்தை ஊற்றிக் கழுவிவிட்டு, பயத்தில் உடனே பார்க்கவில்லை. கை கழுவப் போனேன், கழுவின கையையே இன்னொரு தடவை கழுவினேன். திரும்பி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். விடிவதற்கு முன்னால் தூரத்தில் ஒரு ஊரின் விளக்குகள் தெரியுமே, அப்படிச் சின்னச் சின்னச் சிவப்பாக, தட்டு முழுக்க. ஊறிய துகள் போட்ட தட்டில்தான் அதிகம். சீரம் மட்டும் விட்டதிலும், ஒன்றும் போடாததிலும் அங்கங்கே கொஞ்சம். ஊறாத துகளில் ஒன்றும் இல்லை. மல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நன்ன குங்குமா!" என்றார். தான் வைத்த குங்குமம்தான் இறங்கிவிட்டது என்கிறார். 

சாரிடம் எனக்காக நீங்கள் பேசியதைப் படித்தபோது அழுதுவிட்டேன். மு. தாரணி என்றே போடுங்கள். மு என்றால் முனிராஜ் என்று அப்பாவிடம் சொன்னேன். "கடைப் பலகையிலயே எம் பேரு இல்ல, செருமனியில வருதா?" என்று கேட்டார்.

அப்பா இங்கே வந்திருந்தார், அக்கா. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று நேரில் கேட்கத்தான் வந்தார். லேபுக்குக் கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வைத்தேன். ரொம்ப நேரம் தலையை எடுக்கவில்லை. "நீச்சலடிக்கற மாதிரி இருக்குது அம்மிணி. இதுக எங்க போகுது?" என்றார். இன்னும் தெரியவில்லையப்பா, அதைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். "அப்ப இருந்து பாரு" என்றார். பஸ் ஸ்டாண்டில் மட்டும் மறுபடி கேட்டார்: "ஆனா உங்க சாரு எழுதிக் குடுத்துருவாரல்ல?"

அதுதான் இன்னும் இல்லை. சார் நேற்றுக் கூப்பிட்டார். கட்டுரையில் பெயர் வருவது போதும், பதிவு செய்துகொள்கிறேன் என்றார். ஆனால் தலைப்பை நானே கொண்டுவர வேண்டுமாம். "மூன்று வருஷம் ஓடுகிற கேள்வியாக இருக்க வேண்டும். வேறு ஒருவர் செய்து முடித்ததைக் கொண்டு வராதே. டிசம்பர் முதல் வாரம் கமிட்டி" என்றார். சின்னதாக ஒன்று அவரே சொன்னார், செல்களை எந்தச் சூட்டில் வைத்தால் நல்லது என்று. அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது. கமிட்டி சிரிக்கும் என்று அவருக்கும் தெரியும், அதனால் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் பேராசிரியர் சிரித்தது எனக்கும் சந்தோஷம். உங்கள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன், புளியோதரை கொடுத்தார்கள். உங்களுக்குத் தமிழ் எழுத வருகிறது என்று சொன்னேன். நம்பவில்லை.

இப்படிக்கு உங்கள்
தாரணி

கையெழுத்துப் போட்டு மடித்து வைத்துவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். அன்றைக்கு எழுத நினைத்து விட்டுவிட்டது பெயர் இல்லை, அக்கா. பெயரை நான் கேட்டிருக்கவே மாட்டேன். எனக்கு வேண்டியது அந்தக் கேள்வி. இரண்டாவது பூச்சில் என்ன இருக்கிறது, எது செல்லை எலும்பாகு என்கிறது, எவ்வளவு நேரம் காத்திருந்தால் எது ஒட்டுகிறது, அவை எல்லாமும். உங்கள் கருவி கிறிஸ்துமஸுக்குள் சொல்லிவிடுவதைக் கண்டுபிடிக்க எனக்கு இங்கே மூன்று வருஷம் ஆகும். அந்த மூன்று வருஷம்தான் எனக்கு வேண்டும். உங்களுக்கு வேறு கேள்விகள் கிடைக்கும். என் கையில் வந்தது இது ஒன்றுதான். உங்கள் பேராசிரியரிடம் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வது கஷ்டம் என்று மட்டும் தெரியும். இத்துடன் சின்னப் பொட்டலத்தில் மல்லம்மா கொடுத்த குங்குமம் இருக்கிறது. அந்தக் கருவியின் மேல் கொஞ்சம் வையுங்கள். குளிர்பெட்டியில் வரிசையாக வைத்திருக்கிறீர்களே, அந்தக் குப்பிகளைத் திறக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். யாராவது தொட வந்தால், இன்றைக்கு இதற்கு லீவு என்று சொல்லுங்கள், அக்கா.